பதில் போட ஓர் ஆள் வேண்டும்: மாஸ்டடோனில் எங்கள் மூன்று வருடம்

2022 ஒக்டோபரில் ஒரு காலை, எங்கள் குழு இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. வேலைக்கும் படிப்புக்கும் கொழும்புக்கு வந்து அறை எடுத்துத் தங்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக, பெரிய தளமொன்றில் நானும் இரண்டு நண்பர்களும் 6 வருடமாக நடத்திய குழு அது. எந்த ஒழுங்கையில் அனெக்ஸ் காலியாக இருக்கிறது, எந்த வீட்டுக்காரர் ஒரு வருட அட்வான்ஸ் கேட்கிறார், இரவு 9 மணிக்குக் கேற் பூட்டுகிற போர்டிங் எது, எல்லாம் அதற்குள் இருந்தது. குழுவைத் தொடங்கிய நண்பரின் கணக்கை யாரோ களவாடி ஏதேதோ விளம்பரம் போட, தளம் அவருடைய கணக்கையும் மூடி, குழுவையும் மூடிவிட்டது. மூன்று தடவை முறைப்பாடு அனுப்பினோம். மனிதர் எழுதிய பதில் ஒன்றுகூட வரவில்லை. 11,000 பேர் இருந்த இடம். அவர்களில் ஒருவரின் தொடர்பும் எங்களிடம் தனியாக இல்லை. எங்கே போனோம் என்று சொல்லக்கூட வழி இருக்கவில்லை.

சமூக ஊடகம் இல்லாமல் போன நாட்களைக் கொழும்பு அதற்கு முன்னும் பார்த்திருக்கிறது. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் வன்முறை நடந்தபோது, 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு, 2022 ஏப்ரல் 3ஆம் திகதி ஊரடங்கின்போது என்று அரசாங்கம் தளங்களை முடக்கியது. முடக்கத்தைத் தாண்டிப் போக உதவும் வீபீஎன் என்றால் என்னவென்று என் அம்மாகூட அப்போதுதான் தெரிந்துகொண்டார். ஆனால் அவை திரும்பி வந்தன. எங்கள் குழு வரவில்லை.

அதே ஒக்டோபர் 27ஆம் திகதி ட்விட்டர் ஈலோன் மஸ்க்கின் கைக்குப் போனது. மாஸ்டடோன் என்ற பெயர் அப்போது எங்கும் அடிபட்டது. ஜெர்மனியில் யூஜென் ரோச்கோ என்பவர் 2016இல் தொடங்கிய, ட்விட்டர் போன்ற ஒரு சமூக ஊடகம். ஒரு நிறுவனத்தின் ஒரே தளம் அல்ல அது. ஆயிரக்கணக்கான சேர்வர்கள், ஒவ்வொன்றையும் வெவ்வேறு ஆட்கள் நடத்துகிறார்கள். ஒரு சேர்வரில் கணக்கு வைத்திருப்பவர் இன்னொரு சேர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம், பதில் எழுதலாம். அக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறைதான் அவற்றை இணைக்கிறது. 2018 ஜனவரியில் வலைக்கான பொது விதிகளை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பான டபிள்யூ3சி அதை ஏற்றுக்கொண்டது. விளம்பரம் இல்லை. ஒரு சேர்வர் பிடிக்காவிட்டால் பின்தொடர்பவர்களையும் கூட்டிக்கொண்டு மற்றதற்குப் போகலாம் என்பதுதான் என்னைப் பிடித்த விஷயம். பூட்டுப் போட்டால் திறப்பு எங்கள் கையிலும் ஒன்று இருக்க வேண்டும் என்ற ஆசை.

நண்பர்களுக்குச் சொல்லி, நண்பர்களின் நண்பர்களுக்குச் சொல்லி, முதல் கிழமையில் 43 பேர் வந்தார்கள். மூன்றாவது கிழமை எழுதிக்கொண்டிருந்தது 6 பேர்.

ஏன் என்று எனக்கு விளங்கியது ஒரு பதிவைப் பார்த்த பிறகு. மட்டக்களப்பிலிருந்து தெஹிவளைக்கு வேலைக்கு வந்த ஒரு தங்கச்சி தன்னைப் பற்றி எழுதியிருந்தாள்: என்ன வேலை, எங்கே தங்கியிருக்கிறாள், தையல் பிடிக்கும், பின்னேரத்தில் கடற்கரையில் நடக்க ஓர் ஆள் கிடைத்தால் நல்லது என்று. நல்ல தமிழ், எட்டு வரி. அதற்குப் பதில் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் கழித்து அவள் ஒரு பூப்படம் போட்டிருந்தாள். அதற்கும் இல்லை. அதன் பிறகு அவள் வரவே இல்லை. நான் அதைப் பார்த்தது ஒன்பதாவது நாள்.

பெரிய தளங்களில் இப்படி ஒருவர் எழுதினால், அல்காரிதம் அதைத் தூக்கிக்கொண்டு போய் யார் யாருக்கோ காட்டும். மாஸ்டடோனில் உங்கள் முகப்பில் வருவது நீங்கள் பின்தொடர்பவர்கள் எழுதியதும் பகிர்ந்ததும்தான், நேர வரிசையில். புதிதாக வந்தவரை யாரும் பின்தொடர்வதில்லை. அவர் எழுதுவது யாருடைய முகப்பிலும் வராது. அவருடைய முகப்போ வெறிச்சென்று கிடக்கும். பெரிய தளங்களில் எதை விட்டு ஓடி வந்தோமோ அந்த இயந்திரம் ஒரு வேலையையும் செய்துகொண்டிருந்தது. அது இல்லாத இடத்தில் அந்த வேலையை மனிதர் செய்ய வேண்டும். இந்த மூன்று வருடத்தில் நான் கற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்ததுதான்.

நாங்கள் மூன்று பேரும் நேரத்தைப் பங்கு போட்டோம். நான் காலையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போகும் முக்கால் மணித்தியாலம். ஒருவர் மத்தியானச் சாப்பாட்டு நேரம். மற்றவர் இரவு 10 மணிக்குப் பிறகு. புதிதாக யார் எழுதினாலும் அரை நாளுக்குள் ஒரு பதில் போக வேண்டும். வரவேற்கிறோம் என்ற ஒற்றைச் சொல் பதில் இல்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டோம். அதற்கு நன்றி என்று மட்டும்தான் திருப்பிச் சொல்ல முடியும், பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஒரு கேள்வி கேட்க வேண்டும், அதுவும் அவர் எழுதியதற்குள் இருந்து. தையல் என்றால், இடத்தை அடைக்கும் மெஷினை அறைக்குள் எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று. அப்புறம் அந்தப் பதிவை பூஸ்ட் செய்ய வேண்டும், அதாவது எங்கள் கணக்கிலிருந்து பகிர வேண்டும். எங்களைப் பின்தொடர்பவர்கள் அவரைப் பார்க்க அதுதான் முக்கிய வழி. புதிதாக வருபவர் முதல் இரவே பின்தொடர இருபது கணக்குகளின் பட்டியலையும் கொடுத்தோம். மாஸ்டடோனில் அப்படிப் பட்டியலைக் கோப்பாக ஏற்றிக்கொள்ளலாம். காலையில் கண் விழிக்கும்போது அவருடைய முகப்பில் நாலு பேர் தமிழில் பேசிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதெல்லாம் செய்தும் சிலர் "ஒன்றும் வரவில்லை" என்றே சொன்னார்கள். 2023 தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, வெள்ளவத்தை ஸ்டேஷனுக்குக் கிட்ட, மரைன் டிரைவில் ஒரு கடையில் ஏழு பேர் சந்தித்தோம். வவுனியாத் தங்கச்சி ஒருத்தியும் ஹட்டன் தம்பி ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, ஒரே ஹேஷ்டேக்கைத் தங்கள் போன்களில் திறந்தார்கள். அவளுடைய போனில் முப்பது பதிவுக்கு மேல். அவருடையதில் நாலு. "அக்கா, பாருங்க, எனக்கு ஒன்னுமே வரல" என்று போனை நீட்டினார். தேநீர் ஆறும்வரை இரண்டு போன்களையும் மேசையில் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

காரணம் பிறகு விளங்கியது. ஒரு சேர்வருக்கு உலகம் முழுவதும் தெரியாது. அந்தச் சேர்வரில் இருக்கும் யாராவது ஒருவர் வெளியே யாரையாவது பின்தொடர்ந்தால்தான் அவருடைய பதிவுகள் அங்கே ஒழுங்காக வந்து சேரும். ஹட்டன் தம்பி இருந்தது ஒரு சின்னச் சேர்வர். அங்கே தமிழர் அவர் ஒருவர்தான். ஹேஷ்டேக்கைத் தேடும்போது அவருடைய சேர்வருக்குத் தெரிந்த பதிவுகள் மட்டும்தான் கிடைக்கும். வவுனியாத் தங்கச்சி இருந்த பெரிய சேர்வரில் ஏற்கெனவே பலர் எங்கள் ஆட்களைப் பின்தொடர்ந்திருந்தார்கள். ஆகவே சின்னச் சேர்வரில் இருப்பவர்தான் அதிகம் பேரைப் பின்தொடர வேண்டும். அன்றைக்கே அந்த மேசையில் எல்லாரும் எல்லாரையும் பின்தொடர்ந்தோம். அடுத்த நாளில் இருந்து அவருக்கும் வரத் தொடங்கியது. மாஸ்டடோனில் தமிழ்க் கூட்டம் சேர்க்க நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆளைக் குறை சொல்லாதீர்கள், அவருடைய போனை வாங்கிப் பாருங்கள்.

ஹேஷ்டேக்கிலேயே எங்களுக்கு இன்னொரு சிக்கல் இருந்தது, அது தமிழுக்கே உரியது. முதலில் கொழும்புத்தமிழ் என்று வைத்தோம். பாதிப் பேர் ஒற்றுப் போட்டு எழுதினார்கள், பாதிப் பேர் போடாமல் கொழும்புதமிழ் என்று எழுதினார்கள், சிலர் நடுவில் கீழ்க்கோடு போட்டார்கள். இயந்திரத்துக்கு இது மூன்றும் மூன்று. ஒரே ஊர் ஆட்கள் மூன்று அறைகளில் இருந்து ஆளைக் காணோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். புணர்ச்சி வராத ஒற்றைச் சொல்லாக, கொழும்பு என்று மட்டும் மாற்றினோம். 2022 நவம்பரில் வந்த 4.0 பதிப்பிலிருந்து ஹேஷ்டேக்கையே பின்தொடரலாம் என்பதால் இது பெரிய உதவி. சொல் பொதுவானது, அந்நியர் பதிவும் இடையில் வரும். வரட்டும். அப்படி வந்த சிலரும் எங்களோடு சேர்ந்திருக்கிறார்கள்.

மொழித் தெரிவையும் கவனிக்க வேண்டும். பதிவு எழுதும் பெட்டிக்குக் கீழே அது எந்த மொழி என்று குறிக்க ஓர் இடம் உண்டு. பலருடையது ஆங்கிலத்தில் நிற்கும், அவர்கள் எழுதுவது தமிழ். தமிழ் மட்டும் காட்டு என்று வைத்திருப்பவருக்கு அந்தப் பதிவு பொதுக் காலவரிசையில் வராது. புதியவருக்கு நாங்கள் அனுப்பும் முதல் செய்தியிலேயே இது இருக்கும். வயதானவர்கள் சிலர் பாமினி எழுத்துருவில் தட்டி அப்படியே ஒட்டிவிடுவார்கள். மற்றவர்களுக்கு அது ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இப்படி எழுதிய முதல் பதிவை ஒரு தம்பி யுனிகோட்டுக்கு மாற்றி, "ரீச்சர், நீங்கள் எழுதினது இதுதானே?" என்று பதிலாகப் போட்டார். ரீச்சர் இன்றுவரை எழுதுகிறார்.

இனி, ஆட்கள் ஒவ்வொரு நாளும் வர ஒரு காரணம் வேண்டும். வாடகை அறை தேடுபவர் அறை கிடைத்ததும் போய்விடுவார், அது நியாயம். நான் தொடங்கியது ஒரு சின்ன வேலை. காலை 7 மணிக்கு ஒரு பொருளின் படம். உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்ற கேள்வி. கொழும்பில் யாழ்ப்பாணத் தமிழ், மட்டக்களப்புத் தமிழ், மலையகத் தமிழ், முஸ்லிம் மக்களின் தமிழ் எல்லாம் ஒரே பஸ்ஸில் போகின்றன. அந்தப் பொக்கிஷத்தை யாரும் கேட்டுப் பார்ப்பதில்லை. பப்பாசியா பப்பாளியா என்பதில் தொடங்கி, அன்னமுன்னா எந்தப் பழம் என்பதில் இரண்டு நாள் வாதம் நடந்தது. அறை கிடைத்துப் போனவர்களும் இதற்காகத் திரும்பி வந்தார்கள்.

அப்படி ஒரு மாதம் போன பிறகு தெஹிவளையில் இருக்கும் ஓர் அண்ணா தனிச்செய்தி அனுப்பினார். அவருக்குக் கண் பார்வை இல்லை. போன் வாசித்துக் காட்டுவதைக் கேட்டுத்தான் எல்லாம் செய்கிறார். "தங்கச்சி, நீங்கள் காலையில போடுற படத்தில என்ன இருக்கு எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. மற்றவை சொல்லுற பேரைக் கேட்டுத்தான் ஊகிக்கிறன்" என்று. ஒரு மாதம் அவர் அந்தப் பேச்சுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு நெஞ்சு கனத்தது. மாஸ்டடோனில் படத்தோடு விவரணம் எழுத இடம் இருக்கிறது. அங்கே பழக்கமும் அதுதான். தமிழில் நான்தான் எழுதாமல் விட்டிருந்தேன்.

அடுத்த நாள் படம் தேங்காய் துருவுகிற சாமான். விவரணம் எழுத உட்கார்ந்தபோதுதான் கஷ்டம் தெரிந்தது. பெயரைச் சொன்னால் கேள்வியே இல்லாமல் போகும். இப்படி எழுதினேன்: "இருந்துகொள்ளத் தக்க ஒரு சின்னப் பலகை. நாலு கட்டைக் கால். முன்பக்கம் வாத்துக் கழுத்துப்போல் வளைந்து நீளும் இரும்பு. அதன் நுனி விரித்த விசிறிபோல் தட்டையாகி, விளிம்பு முழுக்கப் பல். பலகை நடுவில் பாவித்துப் பாவித்து வழுவழுத்திருக்கிறது." முதல் பதில் அந்த அண்ணாவுடையது: "துருவலை. எங்கட வீட்டில ஒரு கால் ஆடும், அம்மா கீழ மட்டை வைப்பா." இன்னொருவர் திருவலை என்றார். சென்னையிலிருந்து ஒருவர் தங்கள் வீட்டில் அரிவாள்மணையின் நுனியிலேயே துருவி இருக்கும் என்றார். அன்றைக்கு 60க்கு மேல் பதில். படத்தைவிட விவரணம் ஆட்களை இழுத்தது என்று நினைக்கிறேன். வாசிக்கும்போது ஒவ்வொருவருக்கும் தங்கள் வீட்டுத் துருவலைதான் தெரிந்திருக்கும். அதன் பிறகு விவரணம் இல்லாத படத்தை நாங்கள் பூஸ்ட் செய்வதில்லை. எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்கிறோம்.

ஒழுங்கு விதிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு முறை மலையக மக்களை இழிவுபடுத்தி ஒருவர் எழுதினார். நாங்கள் புகார் கொடுத்தோம். அவர் இருந்த சேர்வரை நடத்தியவர்களுக்குத் தமிழ் தெரியாது. பதிவை நீக்க 9 நாள் எடுத்தது. அந்த 9 நாளில் ஹட்டன் தம்பி ஒரு சொல்லும் எழுதவில்லை. தமிழில் நடக்கும் பேச்சைக் காக்கத் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்பதில் அன்றிலிருந்து எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்களுக்குள் பெரிய வாதம் வந்தது வாடகை விளம்பரத்தில். அறை உண்டு, இன்ன மதத்தவருக்கு மட்டும், இன்ன ஊராருக்கு மட்டும் என்று வெள்ளவத்தையில் சர்வசாதாரணமாக எழுதுவார்கள். சைவச் சாப்பாடு மட்டும் என்பதை என்ன செய்வது? ஒரு கிழமை வாதாடி ஒரு கோடு போட்டோம். வீட்டுக்குள் எதைச் சமைக்கலாம் என்று வீட்டுக்காரர் சொல்லலாம். யார் வரலாம் என்பதை மதம், சாதி, ஊர் பார்த்துச் சொல்லும் விளம்பரத்தை நாங்கள் பரப்பமாட்டோம். இதனால் சில விளம்பரக்காரர்கள் போனார்கள். ஆனால் அதற்குப் பிறகுதான் மருதானைப் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகள் கூடுதலாக எழுத வந்தார்கள்.

இன்னொன்றைக் கடினமாகப் படித்தோம். அறைத்தோழி தேடி ஒரு பெண் தன் முழு முகவரியும் போன் இலக்கமும் போட்டுவிட்டாள். அரை மணித்தியாலத்தில் அழித்தாள். ஆனால் ஒரு பதிவு பல சேர்வர்களுக்குப் பிரதியாகப் போய்விடும். அழிக்கச் சொல்லும் செய்தியும் பின்னால் போகும், எல்லாச் சேர்வரும் அதற்குக் கீழ்ப்படியும் என்று உறுதி இல்லை. தெரியாத ஆட்களின் அழைப்பு அவளுக்கு இரண்டு மாதம் வந்தது. தனிச்செய்தியும் முழு இரகசியம் அல்ல, சேர்வரை நடத்துபவர் நினைத்தால் பார்க்கலாம். ஆகவே இலக்கம், முகவரி, அடையாள அட்டைப் படம் எதுவும் எங்கும் வேண்டாம் என்பது எங்கள் முதல் விதி. 2024 பெப்ரவரியில், இணையத்தில் எழுதுவதற்காகத் தண்டிக்க வழிசெய்யும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபோது சிலர் பயந்து தங்கள் பழைய பதிவுகளை அழித்தார்கள். அவர்களை யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அதே வருட நடுப்பகுதியில் எங்களில் பாதிப் பேர் இருந்த சேர்வர் மூடப்போவதாக அறிவித்தது. நல்ல காலம், மூன்று மாத அவகாசம் கொடுத்தார்கள். மாஸ்டடோனின் சேர்வர் உடன்பாட்டில் சேர்ந்தவர்கள் குறைந்தது அவ்வளவு முன்னறிவித்தல் தர வேண்டும்; சேரும் முன் அதைப் பார்த்துச் சேருங்கள். பின்தொடர்பவர்கள் கூடவே வந்தார்கள், ஆனால் எழுதிய பதிவுகள் வரவில்லை. துருவலைப் பேச்சைத் தனியாகச் சேமித்து வைத்திருக்கிறேன்.

அப்போது சொந்தச் சேர்வர் போட்டோம். தொழில்நுட்பம் எங்களில் ஒரு தம்பிக்குத் தெரியும், கஷ்டம் காசுதான். வாடகை டொலரில். மற்றச் சேர்வர்களிலிருந்து வரும் படங்கள் தேங்கித் தேங்கி வட்டு நிரம்பும். பழையதைக் கிழமைக்கு ஒருமுறை துடைக்க வைக்காவிட்டால் செலவு ஏறிக்கொண்டே போகும். மாதம் ஐந்தாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். 20 பேர் பங்கு போடுகிறோம், கணக்கை ஒவ்வொரு மாதமும் எல்லாரும் பார்க்கப் போடுகிறேன். கணக்கு வேலைதான் என் தொழில் என்பதால் இது எனக்கு இலகு. திறப்புகள் மூன்று பேரிடம் இருக்கின்றன. ஒருவரின் கணக்கோடு எல்லாம் போன அந்தக் காலையை நான் மறக்கவில்லை. தொடங்குகிறவர்களுக்குச் சொந்தச் சேர்வர் வேண்டாம் என்றுதான் சொல்வேன். முதலில் ஆட்கள், ஒரு வருடம் கழித்துச் சேர்வர்.

புளூஸ்கை என்ற இன்னொரு சமூக ஊடகத்தையும் பார்த்தோம். 2024 பெப்ரவரியில் அழைப்பு இல்லாமல் எல்லாருக்கும் திறந்தது. அந்த ஜூனில் வந்த ஸ்டார்ட்டர் பேக், நாங்கள் கையால் கொடுத்த பட்டியல் வேலையை ஒரே தட்டில் செய்கிறது. 300 எழுத்துத்தான் இடம், ஆனால் தமிழ் என்ற சொல்லை 3 எழுத்தாகவே எண்ணுகிறது; ட்விட்டரில் அது 5. அங்கேயும் எங்களில் சிலர் இருக்கிறார்கள், சந்தோஷம். என்னால் இரண்டு இடத்தில் பதில் போட முடியாது, அதனால் நான் இங்கேயே இருக்கிறேன்.

இப்போது எழுதுபவர்கள் 200 பேருக்குக் கிட்ட. 11,000 இல்லை. அந்தக் குழுவில் எனக்குப் பெயர் தெரிந்தவர்கள் முப்பது பேர் இருக்கமாட்டார்கள். இங்கே அநேகமாக எல்லாரையும் தெரியும். மாதத்தில் ஒரு ஞாயிறு அதே மரைன் டிரைவ் கடையில் சந்திக்கிறோம். தெஹிவளை அண்ணாவும் வருவார்.

போன மாதம் அம்மாவைப் பார்க்க வவுனியாவுக்குப் போயிருந்தேன். இரவு ரயிலில் திரும்பி வரும்போது, விடியக் காலையில் போனைத் திறந்தேன். மன்னாரிலிருந்து வந்து பம்பலப்பிட்டியில் அறை எடுத்திருக்கும் ஒரு பிள்ளையின் முதல் பதிவு. இங்கே தேங்காய் துருவ ஒரு சாமான் எங்கே மலிவாக வாங்கலாம் என்று கேட்டிருந்தாள். பதில் எழுத விரலை வைத்தேன். எனக்கு முன்னால் ஐந்து பேர் எழுதியிருந்தார்கள். ஹட்டன் தம்பி வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் பார்க்கச் சொல்லியிருந்தார். கொட்டாஞ்சேனை ரீச்சர் தன்னிடம் இரண்டு இருப்பதாகவும் ஒன்றை வந்து எடுத்துக்கொள்ளும்படியும், முகவரியை இங்கே கேட்காதே பிள்ளை, ஞாயிறு கடைக்குக் கொண்டு வருகிறேன் என்றும் எழுதியிருந்தார். அதற்குக் கீழே தெஹிவளை அண்ணா கேட்டிருந்தார்: "தங்கச்சி, மன்னாரில அதுக்கு என்ன பேர்?"